பதினாலாம் நம்பருக்கு வைத்த ஒப்பாரி

எதிரணி ஆட்டக்காரன் எவரிஸ்தோ செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் எடெல்மிரா வாயைத் திறக்கவில்லை. மகன் எது கேட்டாலும் தலையசைப்புதான். கோயில் பூசையில்கூட உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. லோமா வெர்தே மலையூரில் இது லேசுப்பட்ட செய்தியா என்ன? சந்தையில் அவள் வாழைக்காய் பேரம் பேசினால் மலைக்கு அந்தப் பக்கம் காது குடையும் என்று ஊரே கேலி செய்யும். அப்பேர்ப்பட்டவள் தன் நாக்குக்குத் தானே பயந்து கிடந்தாள்.

எல்லாம் அந்த எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கூடைப்பந்து சீசன் செய்த வேலை. ஊர் அணியான லோமா வெர்தே தேள்கள் அந்த வருஷம்தான் முதல் பிரிவுக்கு வந்திருந்தார்கள். வந்த வேகத்தில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றார்கள். தலைநகர் சான் ஹுவான் பத்திரிகைக்காரன் ஒருவன் 'செத்த தேள்கள்' என்று தலைப்புப் போட்டான். படித்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்த் தச்சன் தாச்சோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிளைவுட்டில் ஒரு சவப்பெட்டி அடித்துக் கறுப்புச் சாயம் பூசி, எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் யாரோ அவன் நம்பரை மேலே எழுதி, ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தைச் சுற்றித் தூக்கிவந்தான்.

பெட்டி என்று வந்துவிட்டால் பின்னால் அழ ஒரு விதவை வேண்டாமா? அணிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள் எடெல்மிரா. புருஷன் போனபோது தைத்த கறுப்பு உடை பீரோவில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"பந்தைக் கூடையில போடச் சொன்னா பக்கத்து வீட்டுக் கூரையில போட்டியே, என் ராசாவே!"

மூவாயிரம் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குத் தேள்கள் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு சும்மா விடுவார்களா? விதவை இல்லாமல் ஆட்டம் இல்லை என்று ஆகிப்போனது. இந்த மாதிரி நம்பிக்கையே கிடையாது என்று சொல்லிக்கொண்ட கோச்கூட அவளைக் கூட்டிவரக் கார் அனுப்பினான். ஆகஸ்டு முடியுமுன் பத்துப் பேரைப் பாடி அடக்கம் செய்திருந்தாள். தேள்கள் அரையிறுதிக்கு வந்திருந்தார்கள்.

அரையிறுதி, கடற்கரையிலிருக்கும் புந்தா பிராவா நண்டுகளோடு. ஐந்தில் மூன்று ஜெயித்தால் இறுதி ஆட்டம். அவர்களுடைய பதினாலாம் நம்பர்தான் எவரிஸ்தோ. மற்ற நாளில் அந்த ஊர்த் தபால்காரன். ஆறரை அடி உயரம், அதைவிடப் பெரிய சிரிப்பு. எதிரிதான், ஆனாலும் வெறுக்க முடியாது. சனியன், அவ்வளவு நல்லவன்.

ஆளுக்கொன்று ஜெயித்திருந்த நிலையில் மூன்றாம் ஆட்டம் லோமா வெர்தேயில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். எடெல்மிரா அன்றைக்குப் பாடியது போல் என்றைக்கும் பாடியதில்லை.

"நெட்டைக் காலு நீட்டிப் படுக்கப் பெட்டி பத்தலையே! கட்டுக் கடுதாசி கையில வச்சுக் கண்ண மூடிட்டியே! வீடு போய்ச் சேர மாட்டியே, என் பதினாலே!"

எவரிஸ்தோ என்ன செய்தான் தெரியுமா? பெஞ்சுக்கு முன்னால் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். மார்பின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டான். கூட ஆடுகிறவன் ஒருவன் துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினான். எவரிஸ்தோ ஒற்றைக் கண்ணைத் திறந்து எடெல்மிராவைப் பார்த்துச் சிரித்தான். கொட்டகையே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அவன் பெண்டாட்டி நொயேமி, இடுப்பில் கைக்குழந்தையோடு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்து நாலுக்கு எண்பத்தொன்று. தேள்கள் ஜெயித்தார்கள். நொயேமி குழந்தையோடு ரசிகர்களின் பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். எவரிஸ்தோ, கையெழுத்துக் கேட்டு மொய்த்த பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் காரில் பின்னால் கிளம்பினான். மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையின் ஏழாம் வளைவில் கார் பள்ளத்தில் விழுந்தது.

மறுநாள் காலை ரேடியோவில் சொன்னபோது எடெல்மிரா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை கருகி, புகை வந்து, மகன் ஓடிவந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கும்வரை அவள் கை அசையவில்லை. வீடு போய்ச் சேர மாட்டியே. சொன்னது யார்? அவள்தானே! மூவாயிரம் பேர் சாட்சி.

அன்றிலிருந்து எவரிஸ்தோ எங்கே பார்த்தாலும் படுத்திருந்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தான். கோயிலில் மண்டியிட்டால் பெஞ்சுகளுக்கு இடையில் படுத்திருந்தான். வெட்டுவதற்குத் துணியை மேசையில் விரித்தால் அதன் மேல் நீளமாக, கைகளைக் கோத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். அவன் சிரித்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. முறைத்திருந்தால் பரவாயில்லை.

துக்கத்துக்காக லீக் இரண்டு வாரம் ஆட்டத்தைத் தள்ளிவைத்தது. நாலாம் ஆட்டம் புந்தா பிராவாவில். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, தாச்சோ வந்தான்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?" என்றான். "பாட வேணாம், சும்மா வந்து உட்காரு போதும். நீ இல்லாம பசங்களுக்குக் கை ஓடாது." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாரு, பதினோரு பேருக்குப் பாடினே. மத்த பத்துப் பேரும் பன்னி வறுவலைத் தின்னுட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க. உன் வாய்க்கு அம்புட்டு சக்தி இருந்தா என் மாமியாளுக்கு ஒண்ணு பாடிவிடேன்."

அவள் சிரிக்கவில்லை. அவன் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினான்.

"மறைச்சு வச்சா நாளைக்கு என்னைத் திட்டுவே. புந்தா பிராவா பசங்களும் ஒரு பெட்டி செஞ்சிருக்கானுங்களாம். அஞ்சாம் நம்பர் எழுதி."

தேள்களின் ஐந்தாம் நம்பர் லிசாண்ட்ரோ. அவள் பெற்ற ஒரே பிள்ளை. 

மகன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் வாசலிலேயே மறித்தாள். "ஞாயித்துக்கிழமை நீ போகாதடா."

"பன்னெண்டு நாள் கழிச்சு வாயத் தொறந்து சொல்றது இதுதானாம்மா?"

"கால் சுளுக்குன்னு சொல்லு."

"கோச்சுக்கு என் காலைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்." அவன் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "எவரிஸ்தோவோட சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேர்ல நானும் ஒருத்தன். எனக்கு வலிக்காதா? மழை பேஞ்சுது, டயர் தேஞ்சிருந்துது. அவ்வளவுதான்மா. உனக்கு என்ன கருநாக்கா இருக்கு? நான் ஆடாம இருந்தா ஊரு என் மூஞ்சில துப்பும்."

சொன்னால் கேட்கிற பிள்ளையா? அப்பன் மாதிரியே பிடிவாதம். எடெல்மிரா சனிக்கிழமை காலையில் வாடகைக் காரில் நாலு பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து புந்தா பிராவாவுக்குப் போனாள். ஏழாம் வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

தபால் ஆபீசுக்குப் பின்தெருவில் வீடு. கதவைத் திறந்த நொயேமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க தோன்யா. முகத்திரை இல்லாம இப்பத்தான் பாக்கறேன்." பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, தோன்யா என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிட்டாள்.

காபி வந்தது. எடெல்மிரா தொடவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "என் வாய்தான் அவரைக் கொன்னுச்சு. நீ என்னை அடிக்கிறதுன்னாலும் அடி, வாங்கிக்கறேன். என் பிள்ளை பேர்ல பெட்டி வேணாம்மா. நீ ஒரு வார்த்தை சொன்னா உங்க ஊர்ப் பசங்க கேப்பாங்க."

நொயேமி குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் சிரிச்சேன், தோன்யா" என்றாள். "வயிறு வலிக்கச் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவரை நான் உசுரோட பாக்கலை. ஒம்பது நாள் ஜெபம் நடந்துச்சு. ஊரே அழுதுச்சு. எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரலை. அழலாம்னு வாயத் தொறந்தா நீங்க பாடினதுதான் வருது. உடனே சிரிப்பு வருது. என் மாமியார் என்னைப் பேய் பிடிச்சவளுன்னு நினைக்கிறாங்க."

"என்னை மன்னிச்சிடும்மா."

"பெட்டியை நான் நிறுத்த மாட்டேன். பின்னாடி நானே நடந்து வரப்போறேன்."

எடெல்மிராவுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. "பழி வாங்குறியா? அவன் உன்னை என்னடி பண்ணினான்?"

"பழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியணும்." நொயேமியின் குரல் உயரவில்லை. "உங்க பாட்டு அவரைக் கொன்னிருந்தா, என் சிரிப்பும் சேர்ந்துதான் கொன்னிருக்கு. அதே பாட்டு, அதே ரோடு. உங்க பிள்ளை நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டா, நாம ரெண்டு பேரும் கொல்லலைன்னு ஆயிடும். உங்களுக்குத் தெரிய வேணாமா?"

"சேரலைன்னா?"

நொயேமி குழந்தையோடு எழுந்து பென்சில் தேடி எடுத்தாள். ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். "நாளைக்கு வீடு போனதும் கூப்பிடுங்க. பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

திரும்பும் வழியெல்லாம் எடெல்மிரா அவளைச் சபிக்க வாயெடுத்தாள், சபிக்கப் பயந்து மூடிக்கொண்டாள். இன்னொன்றும் உண்டு. வெட்கங்கெட்ட மனசு, அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையை வைத்தா தெரிந்துகொள்வது என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். கடைசியில் ஒன்று முடிவு செய்தாள். அணியின் பஸ்ஸில் அவளும் போவாள், வருவாள். போனால் இரண்டு பேருமாகப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புந்தா பிராவாக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஆனால் கோயில்போல் நிசப்தமாக இருந்தது. பெட்டி வந்தது. மேலே வெள்ளையில் ஐந்து. பின்னால் நொயேமி, நிஜமான கறுப்பில். யாரும் சிரிக்கவில்லை. லிசாண்ட்ரோ நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். பாடவில்லை. கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னாள்.

"வீடு போய்ச் சேர மாட்டியே, என் அஞ்சே."

லிசாண்ட்ரோவின் முகத்தில் ஈயாடவில்லை. டயர், மழை என்று வீட்டில் அளந்தவன் கையிலிருந்த பந்தை நழுவவிட்டான். முதல் பாதி முழுக்கக் கூடைப்பக்கம் பார்க்கவே கூசினான். இரண்டாம் பாதியில் என்ன வெறி வந்ததோ, இருபத்தொரு புள்ளி போட்டான். எழுபத்தொன்பதுக்கு எழுபத்தேழு. தேள்கள் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். மலையிலிருந்து இதுவரை எந்த அணியும் போனதில்லை. ஆனால் அவர்கள் ஓசைப்படாமல் துண்டைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எடெல்மிரா மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"அம்மா, கிழியப்போகுது."

"கிழியட்டும். நான்தானே தைக்கிறேன்."

 ஐந்தாம் வளைவு, ஆறாம் வளைவு. இருக்கைகளுக்கு நடுவே நடைவழியில் எவரிஸ்தோ நீளமாகப் படுத்திருந்தான். ஏழாம் வளைவில் உடைந்த தடுப்பு, காகிதப்பூ சுற்றிய சிலுவை. அங்கே பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. பஸ் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. யாரோ கன்னி மரியாளைக் கூப்பிட்டார்கள். லிசாண்ட்ரோ, இருபத்தாறு வயசு ஆம்பிளை, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பஸ் நிமிர்ந்தது. எட்டாம் வளைவு வந்தது.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. நடைவழி வெறுமையாக இருந்தது, மழைத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தார்கள். கோயில் மணி அடித்தார்கள், கார்களெல்லாம் ஹாரன் அடித்தன, லிசாண்ட்ரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எடெல்மிரா கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடிப் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தாயிற்று.

"சொல்லுங்க."

"வந்து சேந்துட்டோம்மா!" எடெல்மிராவுக்கு மூச்சு வாங்கியது. "வெளியிலதான் நிக்கிறான், நல்லா இருக்கான், கல்லாட்டம் இருக்கான். நாம கொல்லலைம்மா. நீயும் இல்ல, நானும் இல்ல."

 லைன் போய்விட்டதோ என்று அவள் கொக்கியைத் தட்டப் போனாள்.

"அப்போ சும்மாவா செத்தாரு?"

"என்னம்மா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலை. ஒரு காரணமும் இல்லை. சும்மாவா செத்தாரு, தோன்யா?"

 தன் வாயே கொன்றது என்று இருந்திருந்தாலே தேவலை போல எடெல்மிராவுக்குத் தோன்றியது, காரணம் என்று ஒன்றாவது இருந்திருக்கும். அப்போது மறுமுனையில் நொயேமி அழ ஆரம்பித்தாள். அதில் ராகம் இல்லை, வார்த்தை இல்லை. வெளியே ஊர் தன் விதவையைப் பாட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எடெல்மிரா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டே நின்றாள்.