பொம்பளைக்கு வராத நோய்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த தையல்காரிக்கு மறுநாள் விடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்தாள். தலையணை நனைந்ததுதான் மிச்சம்.

பல் டாக்டர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார். அவசரப் பிரிவில் பல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். பல் பிரிவில் ரத்தப் பிரிவுக்கு. அங்கே கதவில் பூட்டு தொங்கியது. பந்தாய் உதைபட்டு, அவசரப் பிரிவு பெஞ்சுக்கே திரும்பி வந்தாள்.

“எங்கண்ணனுக்கு ரத்தம் உறையாத நோய், ஹீமோபீலியா இருக்கு டாக்டர். எனக்கும் மாசாமாசம் கொட்டுகொட்டுன்னு கொட்டும்” என்று குழறினாள்.

“அது ஆம்பளைங்க நோய்ம்மா. பொம்பளைங்க புள்ளைக்குக் கடத்துவாங்க, அவ்வளவுதான். அழுத்திக் கடிங்க” என்றார் டாக்டர், நிமிராமலே.

அவளுடைய அம்மா பிரசவத்தில் ரத்தம் நிற்காமல்தான் போய்ச் சேர்ந்தாள். விதி என்று எல்லோரும் கையைக் கழுவினார்கள்.

விஷயம் கேட்டு அண்ணன் விந்தி விந்தி வந்தான். கையில் ஐஸ் டப்பா; ரத்தம் கசிந்து வீங்கிய தன் முழங்காலுக்காக அவன் வைத்திருந்த கடைசி ரத்த உறைவு ஊசி மருந்து அதற்குள்ளே. ஆஸ்பத்திரியில் அந்த மருந்து தீர்ந்து நாளாகியிருந்தது. ரத்தப் பிரிவு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினான். அந்தம்மா வீட்டிலிருந்து ஓடிவந்து, ஆய்வகத்தைத் திறந்து, அவள் ரத்தத்தைச் சோதித்தார். உறைய வைக்கும் சத்து பேருக்குத்தான் இருந்தது.

“இதையே அவளுக்குப் போடுங்க” என்று டப்பாவை நீட்டினான் அண்ணன்.

“உன் காலுக்கு என்னண்ணே பண்ணுவ?”

“எனக்குக் கால்தான் போகும், உனக்கு உசுரே போயிடும். வாய மூடு, பஞ்சு விழுந்துடப்போவுது.”

சாயங்காலம் ரத்தம் நின்றது.

புது மருந்து வருவதற்குள் அண்ணனின் முழங்கால் மரக்கட்டையாய் இறுகிவிட்டது. மாடியில் இருந்த செல்போன் ரிப்பேர் கடைக்கு ஏற முடியாமல் வேலையை விட்டான். இப்போது அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பட்டன் தைக்கிறான். கோணலாகத்தான் தைக்கிறான், அவள் பிரித்துத் தைக்கும்போது அவன் பார்க்காதபடி பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு ரத்தப் பிரிவுக்குப் போனாள்.

“நோயாளி எங்கே? அண்ணன் வரலையா?” என்றாள் நர்ஸ்.

“நானும் நோயாளிதான். இவளுக்கும் பாத்துடுங்க.”

மகளுக்கும் அந்தச் சத்து குறைவாகவே இருந்தது. முடிவைச் சொன்ன டாக்டரம்மாவிடம் அவள் அழவில்லை.

“இவளுக்குப் பல்லு புடுங்கணும்னாலும், நாளைக்குப் பிரசவம்னாலும், யார்கிட்ட மொதல்ல சொல்லணும்? அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.