அடிக்காத அப்பா

ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுப்பவனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. யார் என்ன கத்தினாலும் முதலில் "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார்" என்று சொல்லிவிட வேண்டும். அது அங்கே தொழில் தர்மம். அந்த வாய் வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னது. யாரிடமும் மறுத்துப் பேச வரவில்லையே என்றுதான் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனான்.

முதல் நாளே அந்தம்மா, "சின்ன வயசுல அப்பா அடிப்பாரோ?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு ஆர்வம். ஏமாற்ற மனசு வராமல் "ஆமா மேடம்" என்று சொல்லிவைத்தான்.

அதிலிருந்து சிகிச்சை ஜரூராக நடந்தது. வாங்காத அடிக்கு அழக்கூடப் பழகிவிட்டான். இன்றைக்கு உச்சக்கட்டம். அப்பா நேரில் வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். ஈ எறும்பைக்கூட அதட்டாத மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிடலாமா?" மேடத்தின் கை மேஜை மணிக்குப் போனது.

அவன் எட்டி மணியைப் பொத்திக்கொண்டான். "வேண்டாம் மேடம்! அப்பா என்னை அடிச்சதே இல்ல. நீங்க நினைக்கிறது தப்பு."

மேடம் கனிவாகச் சிரித்தார். "காயத்துக்குக் கிட்ட போனா இப்படித்தான் மறுக்கத் தோணும். நாம சரியான வழியிலதான் போறோம்."

"அதெப்படி? ஆமான்னாலும் நீங்க சரி, இல்லைன்னாலும் நீங்க சரியா? எங்க கம்பெனிகூட இந்த அளவுக்குப் போகாது மேடம். ஃபிரிட்ஜ் குளிரலன்னா குளிரலன்னு கடைசியிலயாவது ஒத்துக்குவோம்!"

பேசியது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகம். மேடத்தின் காது சிவந்துவிட்டது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"எனக்குக் கோபம் வருது," என்றார். "ஆனா நீங்க சொல்றது நியாயம். கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுக் கேட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட சரிபாக்கல."

"பரவா…" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல மேடம். பரவாயில்லன்னு சொல்ல முடியாது."

"சரி. வெளிய அவர்கிட்ட நீங்க சொல்லிடறீங்களா?"

"மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

இந்த மறுப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. மேடம் எழுந்து போக, அவனுக்கு நாற்காலிமேல் ஏறிக் குதிக்கலாம்போல இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"ஐயா, தப்பு என்மேல. நீங்க அவரை அடிச்சதே இல்லையாம்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றார் அப்பா, பணிவாக. "படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? அடிச்சிருப்பேன். மறந்திருப்பேன்."

"அப்பா! இல்லைன்னு சொல்லுங்கப்பா!" என்று கத்திக்கொண்டே அவன் கதவை நோக்கி ஓடினான்.