தொண்ணூற்றேழு மார்க் ஊதல்

நான் உப்பைச் சோதிக்கிறவன். பெயர் தேவபிரசாதம். தூத்துக்குடி உப்பு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சோதனைக்கூடத்தில் கெமிஸ்ட். வருகிற சரக்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு நல்ல உப்பு என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தொண்ணூற்றைந்துக்கு மேல் வந்தால் கல்கத்தா கப்பலில் ஏறும். வராவிட்டால் சரக்குக்காரர் என்னை வாயார வைதுவிட்டுப் போவார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆஸ்பத்திரி நர்ஸ் ஆக்னஸ் ஒரு விளையாட்டு ஊதலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். சண்முகவடிவு என்று மூன்று வயதுப் பெண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், தின்பதெல்லாம் வாந்தி, ஈறில் நீலக் கோடு. தாய் வடிவம்மாள் உப்பளத்தில் பெட்டி சுமக்கிறவள். வேலை முடியும் வரை பிள்ளை அழாமல் இருக்க இந்த ஊதலைக் கையில் கொடுத்து ஓலை நிழலில் உட்கார்த்திவிடுவாளாம். ஊதலின் வாயில் சின்னப் பற்களின் தடம் நெருக்கமாகப் பதிந்திருந்தது.

அரத்தால் ராவி, ஆசிட்டில் கரைத்து, மருந்தைச் சொட்டுவிட்டேன். குழாய் முழுக்கப் பளீரென்று மஞ்சளாயிற்று. காரீயம். குழந்தை வாயில் வைக்கவே கூடாத விஷம்; வயிற்றில் தொடங்கி, விட்டால் கை காலை முடக்கிவிடும். ஆக்னஸ் ஊதலைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இனி வாங்கவும் கூடாது என்று வடிவம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு வாரத்தில் பிள்ளை கொஞ்சம் தேறினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் சுபாவம் விடாது. ஊதலை விற்றவர் கடைத்தெரு பேச்சிமுத்து அண்ணாச்சி. யுத்தத்தில் சீமைப் பொம்மை வரத்து நின்றுபோக, கொழும்புத் தேயிலைப் பெட்டிகளின் உள்தகட்டை உருக்கி அவரே ஊதல் வார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். உட்காரச் சொன்னார், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஊதத்தானே விற்கிறோம், கடித்துத் தின்னவா சொல்லுகிறோம் என்றார். கலரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சுகாதார ஆபீஸுக்குப் போனேன். பாலுக்குச் சட்டம் இருக்கிறது, நெய்க்கு இருக்கிறது, விளையாட்டுச் சாமானுக்கு இல்லை என்றார் அங்கிருந்த குமாஸ்தா. வேண்டுமானால் எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். மேலே என்றால் எது என்று கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

எழுத்தில்தானே, கொடுத்தால் போயிற்று. கடையில் ஆறு ஊதல் வாங்கிவந்து மூன்று தடவை சோதித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு காரீயம். எங்களிடம் இருந்தது உப்புக்கு அச்சடித்த பாரம் ஒன்றுதான். உப்பு என்ற வார்த்தையை அடித்துவிட்டு ஊதல் என்று எழுதினேன், சதவீதக் கட்டத்தில் 97 போட்டேன், கீழே குழந்தைகளுக்குப் பெருங்கேடு என்று இங்கிலீஷில் எழுதினேன். ஆபீஸுக்குப் போகிற காகிதம் இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். கையெழுத்து, வட்ட முத்திரை, எல்லாம் ஜோராக இருந்தது. ஒரு நகல் சரக்குக்காரருக்குப் போக வேண்டும் என்பது கூடத்தின் வழக்கம். எங்கள் தலைமைக் கெமிஸ்ட் கிருபாநிதி அதை நினைவுபடுத்த, பியூன் கொண்டுபோய்ப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தான். படித்துப் பயப்படட்டும் என்று எனக்கும் திருப்தி.

ஒன்றரை மாதம் ஓடிற்று. மேலேயிருந்து பதில் இல்லை. ஒரு நாள் காலையில் ஆக்னஸ் வந்தார். முகம் சரியில்லை. சண்முகவடிவு மறுபடி படுத்துவிட்டாளாம். முன்னைவிட மோசமாம். வாயில் புது ஊதலாம், அளத்து ஆள் ஒருவர் வந்து சொன்னாராம்.

"உங்க சீட்டைப் பாத்துத்தான் வடிவம்மா வாங்குனாளாம், சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போனேன். பேச்சிமுத்து கடையில், ஊதல்கள் தொங்கும் கயிற்றுக்கு மேலே, சாமி படத்துக்குச் சமமாக என் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. 97 தெருவிலிருந்தே தெரிந்தது. உப்பளத்து ஆட்கள் நின்று பார்த்துவிட்டு ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் எங்கள் முத்திரைக்குப் பக்கத்தில் பெரிய நம்பர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் தரம்.

அவர் எழுந்து கும்பிட்டார். கேலி இல்லை, மனசாரக் கும்பிட்டார்.

"மொதல்ல சந்தேகப்பட்டுக் கோவிச்சிய. பெறவு நீங்களே சோதிச்சு மார்க்கு போட்டு அனுப்பிட்டிய. பெரிய மனசு சார் ஒங்களுக்கு. உப்புக்கே தொண்ணூத்தேழு லேசுல வராதுல்லா?"

அது விஷத்தின் கணக்கு என்று தெருவே கேட்கக் கத்தினேன். இங்கிலீஷ் வரியைத் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பேரன் பேத்தியும் இதைத்தானே ஊதுது என்று முணுமுணுத்தபடி கயிற்றை அறுத்து ஊதல்களைச் சாக்கில் போட்டார். சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவரைத் திட்ட ஏராளமாக வைத்திருந்தேன். சட்டத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் நம்பர் மட்டும் படிக்கத் தெரிந்தவர். இங்கிலீஷில் எழுதியவன் நான்.

உப்பளத்தை ஒட்டிய குடிசைக்கு ஆக்னஸோடு போனேன். வடிவம்மாள் மடியில் பிள்ளையை வைத்திருந்தாள். மார்க் போட்ட சார் என்று ஆக்னஸ் சொன்னதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, தப்பு என்னுடையது, அது விஷம் என்றேன். அவள் பிள்ளையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"நர்சம்மா வேண்டாமுன்னு சொன்னதுல இருந்து பிள்ளை அழுதழுது கெடந்துச்சு சார். நான் மசியல. அளத்துல எல்லாரும் ஒங்க சீட்டைச் சொன்னாவ. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னுதான் வாங்கிக் குடுத்தேன்."

குனிந்து பிள்ளையின் கையிலிருந்த ஊதலை எடுக்கப் போனேன். முரண்டு பிடிப்பாள், அழுவாள், பிடுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பிடுங்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டு துவண்டு தொங்க, ஊதல் தானாக என் கையில் விழுந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழும்பவில்லை.