கூடவே வந்த கட்டில்

வீடு மாற்றித் தரும் வண்டிக்காரியின் மகள் நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்து நின்ற காலையில், அவள் படுத்திருந்த இரும்புக் கட்டிலும் கூடவே கிளம்பியது. அவள் பல் துலக்கப் போனால் குளியலறை வாசலில் நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலிக்குப் பின்னால், மெத்தையும் தலையணையும் நழுவாமல், பொறுமையாகக் காத்திருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததால் தரையில் கீறல் விழவில்லை என்பதில் வண்டிக்காரிக்குத் திருப்தி. அடுத்தவர் வீட்டு மேசை நாற்காலிகளைக் கீறல் படாமல் கொண்டு சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. டாக்டர் வந்து நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றார். கட்டில் தன்னுடைய இலாகா இல்லை என்றும் சொன்னார்.

நான்காம் வகுப்பில் படித்த அந்தப் பெண்ணை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் தொடங்கியதே வகுப்பில்தான். ஆசிரியை கூப்பிட்டு எழுந்தவள், கண் இருட்டி, எல்லோர் முன்னாலும் தடாலென்று விழுந்தாள். யாரோ சிரித்தார்கள். விழுந்தது அவளுக்கு நினைவில்லை, சிரிப்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது. பள்ளிக்கூடம் என்று பேச்செடுத்தாலே கட்டிலில் ஏறிக்கொண்டாள். "மறுபடி விழுந்துட்டேன்னா?" என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறு பேச்சே வரவில்லை. கட்டிலுக்கும் அதே கவலைதான் போலிருக்கிறது. அவள் லேசாகத் தடுமாறினால் போதும், ஓடிவந்து முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவளும் படுத்துவிடுவாள். பரீட்சைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிக்காரியும், அவளோடு வேலை பார்த்த அவள் தம்பியும் இதைச் சுமை விவகாரமாகத்தான் பார்த்தார்கள். அது தொழில் புத்தி. ஆடுகிற சாமானை வண்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். திங்கட்கிழமை காலை கட்டிலை வண்டியின் பின்கம்பியில், இதுவரை அவிழ்ந்ததே இல்லாத முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, பிள்ளையை மாமா தோளில் தூக்கிக்கொண்டு போனார். முடிச்சு அவிழவில்லை. முதல் மணி அடிப்பதற்குள் கட்டில், கைபிரேக் போட்ட வண்டியை டயர் தேயத் தேய இழுத்துக்கொண்டு, பள்ளி மைதானத்துக்குள் வந்து நின்றது. மொத்தப் பள்ளிக்கூடமும் ஜன்னலில் தொத்திக்கொண்டு சிரித்தது. வாயாடி கட்டிலில் ஏறிப் போர்வையால் தலையோடு மூடிக்கொண்டாள். மாமாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல, ஒழுங்குப் பைத்தியம். மறுநாள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்று, பிள்ளை வரலாம், கட்டில் வரக்கூடாது என்றார்.

"இன்னைக்கு இவ கட்டிலோட வந்தா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் பீரோவும் சோபாவுமா வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுங்க டீச்சர். ஏத்தி இறக்க எங்கிட்ட வண்டி இருக்கு," என்றாள் வண்டிக்காரி. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ விழுந்தா விழு. அதான் கட்டில் இருக்கே. ஆனா வீட்டுல விழாதே. தினம் இங்க வந்து விழு."

அன்றிலிருந்து தினமும் சீருடை, பை, தண்ணீர்ப் பாட்டிலோடு வாயாடி கேட்டுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, வண்டிக்காரி அங்கிருந்தபடியே போனில் வேலை பேசினாள். முதல் வாரம் பிள்ளை முதல் மணி வரைதான் தாங்கினாள். பிறகு மதியச் சாப்பாடு வரை. சிரித்துக்கொண்டே போன பிள்ளைகள் கொஞ்ச நாளில் அதே கட்டிலில் பையை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டினார்கள். வழியை அடைக்கிறது என்று காவலாளியே ஒரு நாள் கட்டிலைக் கேட்டுக்கு உள்ளே ஓர் ஓரமாகப் போகச் சொன்னார். அடுத்து வேப்பமரத்தடி, அடுத்து வராந்தா, அடுத்து வகுப்பு வாசல். ஒவ்வொரு இடத்திலும் தலைமையாசிரியை கத்தத்தான் செய்தார், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகவே வந்து சேர்ந்தார். கட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பரீட்சைக்கு முந்தைய வாரம், இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆசிரியை வாயாடியைக் கேட்டார். அவள் எழுந்தாள். கரும்பலகை மங்கியது, லேசாகத் தடுமாறினாள். பின்னாலிருந்து கட்டில் மேசைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது.

"வராதே! அங்கயே நில்லு!"

மூன்று வகுப்பறை தள்ளியும் கேட்டது அந்தச் சத்தம். கட்டில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. வாயாடி மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பயம் போகவில்லை, பயந்துகொண்டேதான் நின்றாள். "சும்மாவே கெடந்தா துருப்பிடிக்கும் டீச்சர்," என்றாள். தப்பு என்றார் ஆசிரியை. யாரோ சிரித்தார்கள்.

"சிரிச்சது யாரு? எந்திரிச்சு நீ சொல்லு பாப்போம்," என்று திரும்பினாள் வாயாடி.

சிரித்தவன் எழுந்தான். அவனுக்கும் தெரியவில்லை. அவன் உட்கார்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை, மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று ஆசிரியை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

சாயங்காலம் வண்டி கேட்டருகே காத்திருந்தது. நடந்ததையெல்லாம் காவலாளி சொல்லிவிட்டதால் வண்டிக்காரி ஏற்கனவே அழுதுமுடித்து முகம் கழுவியிருந்தாள். பெருமையை அடக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, ஏறு என்றாள்.

"கட்டிலை ஏத்திக்கோம்மா. காலைலேர்ந்து நின்னு அதுக்குக் கால் வலிக்கும். நான் நடந்து வர்றேன்."

மாமா கட்டிலை ஏற்றினார். அதற்குப் பிறகு அவள் படிப்பு முடியும்வரை கட்டில் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தது.