மிஞ்சிய கட்டம்

சர்ச்சுக்குக் கீழே இருந்த கூடத்தில் பெண்கள் ஹாம் சாண்ட்விச்சுகளை அடுக்கிக்கொண்டிருக்க, ஜோடீ ஒரு மூலையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து அப்பாவின் பாட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்பாவின் அடக்கப் பூசை முடிந்து, கல்லறைக்கும் போய் வந்தாயிற்று. இனிச் சாப்பாடு, அப்புறம் இந்தப் பாட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய்க் குப்புற விழுந்து தூங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவே ஓடியதில் அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அப்பா லூயி கோவாச் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சனிக்கிழமையானால் ஈவ்லெத் ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவருடைய அக்கார்டியன்தான். பக்கவாதத்தில் இடது கை விழுந்தபின் அந்த வாத்தியப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இணையத்தில் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனாள். திரை நிறையக் கட்டங்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு சுரம். பதினாறு கட்டம் ஓடி முடிந்ததும் அடுத்த வரிசை. அதில் ஒற்றை விரலால் ஒரு வால்ட்ஸ் கட்டினார் மனிதர்.

வால்ட்ஸ் என்றால் இருவர் கைகோத்து ஆடும் மூன்றடித் தாளம். பதினாறை மூன்று மூன்றாக எண்ணினால் கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சும். அதில் சுரமே இல்லை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் பாட்டு நொண்டும். அவருக்கு முடியாமல் போனதிலிருந்து ஜோடீ பெற்றோருடன்தான் இருந்தாள்; வேலை முடிந்து வந்து அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வரிசைக்கு எத்தனை கட்டம் என்கிற ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவர் கோணல் வாயால் சிரித்து, இருக்கட்டும் என்று கையை ஆட்டிவிடுவார்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆடத் தெரிந்தவர்கள். பாட்டு நொண்டினால், பாவம், லூயிக்குக் கடைசியில் தாளமும் போய்விட்டது என்பார்கள். அந்தப் பேச்சை மட்டும் அவளால் தாங்க முடியாது. பதினாறை அழித்துப் பதினைந்து என்று போட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் அதை ஒலிக்கவிட்டாள். பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கிழவர்கள் காபிக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அப்பாவோடு டிரம்ஸ் வாசித்த எமில் எழுந்து வந்து, அம்மா ஆக்னஸின் முன்னால் கையை நீட்டினார். அம்மாவும் எழுந்தாள். முதல் வரிசை முடிந்து திரும்பும்போது தடுமாறினாள். எமில் பிடித்துக்கொண்டார். அடுத்த வரிசை முடிவிலும் அதே இடத்தில் தடுமாற்றம். அம்மா அவர் கையை விட்டுவிட்டு நேராக மூலைக்கு வந்தாள்.

"யாருடி இதுல கை வச்சது?"

"நான்தாம்மா. அந்தக் காலிக் கட்டம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் அப்பாவைப் போயி..."

"அது என்னோட கட்டம்டி."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, களைத்த குரலில் அம்மா சொன்னாள். முதலில் அது தப்பாகத்தான் வந்ததாம். அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லையாம். பிறகு அம்மாவுக்கு இடுப்பு எலும்பை மாற்றினார்கள். மத்தியானம் ஜோடீ வேலைக்குப் போனதும் இரண்டு பேரும் சமையலறையில் ஆடுவார்களாம். அவருக்கு ஒரு கை, இவளுக்கு ஒரு கால். திரும்புகிற இடத்தில் கெட்ட காலை இழுத்து வைக்க அம்மாவுக்கு ஒரு அடி நேரம் வேண்டியிருந்தது.

"அப்புறம் நீ எடுக்கச் சொல்லிக் குடுத்தே. எடுக்கமாட்டேன்னுட்டாரு அந்த மனுஷன்."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்குத் தெரியாமல் இப்படி ஒரு சந்தோஷம் நடந்திருக்கிறதே என்று ஜோடீக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பதினைந்தை அழித்துப் பதினாறு போட்டாள்.

அம்மா அவளிடம் கையை நீட்டினாள். "வா. எமிலுக்கு எங்க நிக்கணும்னு தெரியாது."

"எனக்கும் தெரியாதும்மா."

"நான் சாயறப்ப நில்லு. அது போதும்."

ஆடினார்கள். வரிசை முடிந்தது, சத்தம் நின்றது. அம்மாவின் கனம் முழுவதும் அவள் தோளில் வந்து இறங்கியது. ஜோடீ நின்றாள். அம்மா மெதுவாகக் காலை இழுத்து வைத்தாள்.