மாற்ற முடியாத பெயர்

"இதென்ன, கீபோர்டு மேல பூனை நடந்துபோன மாதிரி இருக்கு?"

"இதுதாங்க உங்க முகவரி. இதுக்குத்தான் காசு அனுப்புவாங்க."

"ஒரு எழுத்து தப்பாப் போனா?"

"போனது போனதுதான்."

"அப்ப என் ஜாம் காசெல்லாம் கடலுக்குத்தான். மனுஷங்களுக்கு மாதிரி ஒரு பேரு வைக்கத் தெரியலையா உங்க ஆளுங்களுக்கு?"

போன வருஷம் ஹியாம் கேட்ட அந்தக் கேள்வி வஹீபைத் தூங்கவிடவில்லை. வங்கிகள் கையை விரித்த பிறகு, லெபனானின் திரிபோலியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் அவளுடைய ஆரஞ்சுப்பூ ஜாமுக்கு விலை வந்து சேர கிரிப்டோவை விட்டால் வேறு வழியில்லை. வஹீப் வேலையை விட்டுவிட்டு ஒரு செயலி செய்தான். நீண்ட முகவரி உள்ளே ஒளிந்துகொள்ளும், வெளியே பெயர் மட்டும் தெரியும். ஊருக்காகச் செய்வதாகத்தான் எல்லோரிடமும் சொன்னான். அவளிடம் கேட்க வேண்டிய வேறொன்று மூன்று வருஷமாகத் தொண்டையிலேயே நின்றது. கேட்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஜாம் பாட்டிலோடு திரும்பி வருவான். இத்தனைக்கும் அவனுக்கு இனிப்பே பிடிக்காது.

இன்று செயலி அவளுடைய அடுப்படிக்கே வந்துவிட்டது. ஹியாம் கையைத் துடைத்துக்கொண்டு தன் பெயரைத் தட்டினாள். அதை முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் இன்னொரு ஹியாம் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள்.

"அவ எதுலயும் எனக்கு முன்னாடிதான்" என்று சிரித்தாள். பெயருக்குப் பின்னால் ஜாம் என்று சேர்க்கலாமே என்றான் வஹீப். தன் நெற்றியில் லேபிள் ஒட்டின மாதிரி இருக்கும் என்று அதையும் ஒதுக்கினாள்.

பிறகு மெதுவாக எதையோ தட்டி, போனை அவன் பக்கம் திருப்பினாள்.

உம்மு முனீர். முனீரின் அம்மா.

அந்த ஊரில் கல்யாணமாகாதவனைக்கூடப் பிறக்காத மகனின் பெயரைச் சொல்லி அப்பனாக்கிவிடுவார்கள். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர்தான் என்பதால் பெயரும் முன்பே தெரிந்துவிடும். வஹீபின் தந்தை முனீர். அதனால் மீசை முளைத்த நாளிலிருந்தே தெருவுக்கு அவன் அபூ முனீர், முனீரின் அப்பா.

பெயருக்குக் கீழே அவனே எழுதி வைத்த வரிகள் நின்றன: 'இந்தப் பெயர் காலியாக இருக்கிறது. எடுத்துக்கொண்டால் பிறகு மாற்ற முடியாது. சம்மதமா?'

"அழுத்தட்டுமா, அபூ முனீர்?" அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. "இல்ல, அதுக்கு முன்னாடி யாராவது என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

அடுப்பில் பாகு பொங்கி விளிம்பைத் தாண்டியது. ஆரஞ்சுப்பூ வாசனை அறையெங்கும் பரவியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹியாம்," என்றான் வஹீப், "என்னைக் கட்டிக்கிறீங்களா?"