ஒரு இன்ச் காலியிடம்

வீட்டில் வளர்த்த ஆறு கோழிகளையும் வெட்டி, ஒன்பது கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடிப் பெரிய குக்கரில் வேகவைத்துவிட்டால், மூன்று மாதத்துக்குக் கறிக்குக் கவலையில்லை என்று அறிவித்தவன் நான்தான்.

"ஏங்க, மேல ஒரு இன்ச் காலியா விடுங்க. கொழுப்பு பொங்கி பாட்டில் வாய்ல ஒட்டிக்கிட்டா மூடி பிடிக்காது" என்றாள் மனைவி.

"நான் கடைக்காரன் பிள்ளை. குறைச்சு அளந்தான்னு எவனும் சொல்லக் கூடாது" என்று விளிம்புவரை திணித்தேன்.

குக்கர் ஆறியதும் திறந்தேன். காற்றுப் புகாமல் இறுகிக் குழிந்திருக்க வேண்டிய மூடிகள், அழுத்தினால் டொக் டொக்கென்று என்னைக் கேலி செய்தன. ஒன்பதில் ஒன்று மட்டும் அசையவில்லை.

"பாத்தியா, ஒண்ணு பிடிச்சிருக்கு!" என்று மார்தட்டினேன்.

"அது நான் அடைச்சதுங்க."

மூடி பிடிக்காத கறி தாங்காது. அன்றே தின்று தீர்த்தாக வேண்டும். மைத்துனனுக்குப் போன் போட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னேன்.

"என்ன மாமா, திடீர்னு?"

"உங்களையெல்லாம் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "டேய், பெரிய பாத்திரமா கொண்டு வாடா. உங்க மாமா தளும்பத் தளும்ப அளந்து போடுவாரு!"